ஒரு கைக்குப் பன்னிரண்டு

பழைய சாமான்களின் மீது மனிதனுக்குள்ள பாசத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று நம்மில் பலர் நம்புகிறார்கள். எது நெடுநாள் நிலைத்தாலும் 'இளமை நினைவு' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டி அலமாரியில் ஏற்றிவிட்டால் விமர்சகனின் வேலை முடிந்தது. 1998இல் வந்த ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை இன்னும் விடாமல் ஆடுகிறார்கள், ஆடுவதைவிட அதிகம் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று நான் சொன்னபோது நண்பர் ஒருவர் (கவிஞர், சொல்லை எடைபோடத் தெரிந்தவர்) இந்தச் சீட்டைத்தான் எடுத்து நீட்டினார். இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்றும் கேட்டார். முதலாவதை மறுக்கப் புகுந்தால் இரண்டாவதற்கும் பதில் கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் ஒரு விஷயம் எதனால் நிலைக்கிறது என்பதுதான் நாம் இங்கே இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

விளையாட்டின் பெயர் ஸ்டார்கிராஃப்ட். கலிஃபோர்னியாவில் இர்வைன் நகரத்து ப்ளிஸார்ட் நிறுவனம் 1998 மார்ச் 31 அன்று வெளியிட்டது. அதே வருஷக் கடைசியில் 'ப்ரூட் வார்' என்றொரு இணைப்பு வந்தது. இன்று ஆடப்படுவது இரண்டும் சேர்ந்தது. தெரியாதவர்களுக்காக: இரண்டு பேர் ஆளுக்கொரு திரையின் முன் உட்காருகிறார்கள். ஆளுக்கு ஒரு கட்டடம், 4 வேலையாட்கள், 50 அலகு தாது. களத்தின் மற்ற பகுதி இருட்டு. தாதுவையும் வாயுவையும் தோண்டி எடுத்து, கட்டடம் கட்டி, படை திரட்டி, இருட்டுக்குள் எங்கோ இருக்கிற எதிராளியை அழிக்க வேண்டும். உன் முறை, என் முறை என்பது கிடையாது. இருவரும் ஒரே சமயத்தில் இயங்குகிறார்கள். அவ்வளவுதான்.

சதுரங்கத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஒப்பீடு பாதிதான் பொருந்தும். சதுரங்கத்தில் காலம் பலகைக்கு வெளியே கடிகாரத்தில் இருக்கிறது. நீங்கள் யோசிக்கும்போது காய்கள் காத்திருக்கின்றன. இங்கே காலம் பலகைக்குள்ளேயே ஓடுகிறது. யோசனைக்கு விலை உண்டு. நீங்கள் ஒரு சண்டையை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று விநாடியில் உங்கள் வீட்டில் மூன்று கட்டடங்கள் சும்மா கிடந்தன. தாதுவையும் வாயுவையும் விட அருமையான சரக்கு ஒன்று இந்த விளையாட்டில் இருக்கிறது. திரையின் மூலையில் அதற்கு எண் போட்டுக் காட்டுவதில்லை. அது ஆடுபவனின் கவனம். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கை நோட்டை எண்ணும், கண் சலானில் இருக்கும், காது வரிசையில் நிற்கிற பெரியவரின் புகாரைக் கேட்கும். மூன்றில் ஏதாவது ஒன்றில் முழுக்க ஆழ்ந்துபோனால் மாலையில் கணக்கு உதைக்கும்.

கதை என்று பார்த்தால் மட்டம். எதிர்காலம், தூர கிரகங்கள், பூமியிலிருந்து விரட்டப்பட்ட கைதிகளின் வம்சம். மெங்ஸ்க் என்ற புரட்சித் தலைவன் காரியம் முடிந்ததும் தன் படையில் இருந்த கெரிகன் என்ற பெண்ணைப் பூச்சிக் கூட்டத்துக்கு இரையாக விட்டுவிட்டுப் போகிறான். அவள் அந்தக் கூட்டத்தின் ராணியாகத் திரும்பி வருகிறாள். நம் மாத நாவல்களின் நல்ல மாதங்களில் வரக்கூடிய தரம். ஆட்டம் ஆரம்பித்த பத்தாவது விநாடியில் இது முழுவதும் ஆவியாகிவிடுகிறது, யாருக்கும் நஷ்டமில்லை. உள்ளடக்கம் உயர்ந்ததாக இருந்தால் உருவம் தன்னால் வந்துவிடும் என்று வாதாடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உள்ளடக்கம் என்று சுட்டத்தக்க எல்லாம் குப்பையாக இருக்க, கால் நூற்றாண்டுக்கு மேல் மனித அறிவின் ஒரு பகுதியைத் தன்பால் இழுத்துவைத்திருக்கிறது ஒரு உருவம்.

ஆனால் உருவம் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வதும் சோம்பேறித்தனம். அந்த உருவம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் மூன்று இனங்கள் இருக்கின்றன: டெர்ரன் மனிதர்கள், ஸெர்க் பூச்சிகள், ப்ரோட்டாஸ் என்ற புராதன நாகரிகத்தார். அதற்கு முன் வந்த இவ்வகை விளையாட்டுகளில் இரண்டு கட்சிகளுக்கும் பெயரும் சாயமும்தான் பெரும்பாலும் வேறு, கணக்கு ஒன்றே. இங்கே மூன்றுக்கும் மூன்று இலக்கணம். கட்டடம் கட்டும் ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டெர்ரன் வேலையாள் கட்டடத்தின் பக்கத்திலேயே நின்று முடியும்வரை வேலை செய்ய வேண்டும். நடுவில் அவன் செத்தால் கட்டடம் அரைகுறையாக நிற்கும், இன்னொருவன் வந்து தொடர வேண்டும். ப்ரோட்டாஸ் வேலையாள் ஓரிடத்தைக் குறித்துவிட்டுப் போய்விடுகிறது. கட்டடம் எங்கிருந்தோ தானாக வந்து சேர்கிறது. ஸெர்க் வேலையாள் தானே கட்டடமாக மாறிவிடுகிறது. அது திரும்பி வராது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு உடல் போயிற்று. போதாததற்கு, வேலையாளும் போர்வீரனும் அங்கே ஒரே புழுவிலிருந்துதான் பிறக்க வேண்டும். இந்தப் புழு உழைக்கப் போகிறதா, சாகப் போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் தீர்மானித்தாக வேண்டும். உழைப்புக்கும் உடலுக்கும் உள்ள உறவைப் பற்றி மூன்று பார்வைகள் இவை. மெங்ஸ்க், கெரிகன் வசனங்களில் ஒரு இடத்திலும் எட்டாத ஆழத்தை, எழுதியவர்கள் அப்படி ஒன்றை உத்தேசித்தார்களோ இல்லையோ, இந்த மூன்று விதிகள் எட்டிவிடுகின்றன. இதைத்தான் நான் உருவம் என்கிறேன்.

இனி பன்னிரண்டுக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் ஒரு சமயத்தில் 12 பேருக்கு மேல் தேர்ந்தெடுத்துக் கட்டளையிட முடியாது. நூறு பேர் கொண்ட படையாக இருந்தாலும் பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் நகர்த்த வேண்டும். கட்டடங்களை ஒன்று ஒன்றாகத்தான் தொட வேண்டும். புதிதாகப் பிறந்த ஒவ்வொரு வேலையாளையும் கையால் பிடித்து வேலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வாசலிலேயே நிற்பான். இது அந்தக் காலத்து இயந்திரத்தின் ஏலாமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ப்ளிஸார்டின் ஆரம்பகாலப் புரோகிராமர்களில் ஒருவரான பாட்ரிக் வ்யாட் பின்னாளில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1994இல் வந்த 'வார்கிராஃப்ட்' விளையாட்டை உருவாக்கும்போது எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்த்துப் பிடிக்கும் வசதியை அவர் செய்துவைத்திருந்தார். பெரிய விவாதத்துக்குப் பிறகு அதை 4 ஆகக் குறைத்தார்கள். கும்பலைத் திரட்டி மொத்தமாக ஏவிவிடாமல் ஆடுபவன் யோசிக்க வேண்டும் என்பது காரணம். அடுத்த விளையாட்டில் 9. ஸ்டார்கிராஃப்டில் 12. ஆக, இது போட்ட கட்டு. இயலாமையால் விளைந்ததல்ல.

இயலாமையால் விளைந்தவையும் உண்டு. சுவாரஸ்யம் அங்கேதான் கூடுகிறது. 1996இல் ஒரு கண்காட்சியில் வைத்தபோது பழைய விளையாட்டையே விண்வெளிக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேலி செய்யப்பட்டு, அவசரமாகத் திரும்ப எழுதப்பட்ட விளையாட்டு இது. சதுரக் கட்டங்களின் மேல் சாய்வுக் கோணத்தில் படம் வரைந்ததால் படைகள் வழி கண்டுபிடிப்பதில் பெரும் குழப்பம் வந்தது. தாது தோண்டப் போகும் வேலையாட்கள் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். கடைசியில், தோண்டப் போகும்போதும் திரும்பும்போதும் ஒருவர் உடலுக்குள் ஒருவர் புகுந்து போகலாம் என்று விதியைத் தளர்த்தி ஒப்பேற்றினார்கள். ஒட்டுப்போட்ட வேலை. ஆட வந்தவர்கள் இந்த ஒட்டைப் பார்த்தார்கள்; வேலையாட்களைத் தாதுவை நோக்கி அனுப்புவதுபோல் அனுப்பி எதிரியின் அடைப்புக்குள்ளேயே ஊடுருவ வைத்தார்கள். அதேபோல ம்யூட்டலிஸ்க் என்ற பறக்கும் பிராணி. பறப்பவை ஒன்றையொன்று முட்டுவதில்லை. ஆனால் கூட்டமாகப் போகும்போது பரவி நிற்கும். கூட்டத்தில் உள்ள ஒன்று மிகத் தொலைவில் இருந்தால் மட்டும், எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்துவிடும். ஆகவே 11 ம்யூட்டலிஸ்க்குகளோடு, எங்கோ மூலையில் சோம்பிக் கிடக்கும் ஒரு ஓவர்லார்டைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். பதினொன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே உடம்பாகி, ஒரே இடத்தில் கொத்திவிட்டு ஓடின. ஒரு இனத்தின் போர்முறையே இதனால் மாறிப்போயிற்று. விளையாட்டைச் செய்தவர்கள் எவரும் கனவிலும் காணாதது இது. ஒரு கட்டும் ஒரு பிழையும் கூடிப் பெற்ற பிள்ளை.

யாப்பின் பக்கம் நின்று சண்டைபோட்ட பெரியவர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள் என்று தெரிகிறது. 'பார்த்தாயா, கட்டு வேண்டும் என்று அன்றே சொன்னோம்' என்பார்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கில்லை. கஷ்டம் என்பதே மதிப்பு ஆகிவிடாது. சித்திரகவி எழுதுவது கஷ்டம். நூறு வருஷமாக யார் படிக்கிறார்கள்? யாப்பு தன் காலத்தில் செத்தது அது கட்டாக இருந்ததால் அல்ல, கட்டாக இல்லாமல் போனதால்தான். பழகிய கைக்கு வெண்பா எதிர்ப்பே காட்டவில்லை. தளை தட்டாமல் விழுந்துகொண்டே இருந்தது. சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் விழுந்தது. ஸ்டார்கிராஃப்டின் கட்டு அப்படிக் கைக்கு அடங்கிவிடுவதில்லை, ஏனென்றால் எதிரில் இன்னொரு மனிதன் அதே கட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் ஒரு உத்தியைப் பழக்கமாக்கிக்கொண்ட அன்றே அவன் அந்தப் பழக்கத்தின் மீது அடிப்பான். நிமிஷத்துக்கு 300 தடவைக்கு மேல் விசைகளைத் தட்டும் விற்பன்னர்களுக்கும் எல்லாவற்றையும் செய்து முடிக்க நேரம் போதாது. எதை விடுவது என்று தேர்ந்தாக வேண்டும். அந்தத் தேர்வில்தான் ஆளுக்கு ஆள் நடை வேறுபடுகிறது. கையெழுத்தைப் பார்ப்பதுபோல, பெயரைப் பார்க்காமலே இது இன்னார் ஆட்டம் என்று சொல்லிவிடலாம்.

இதற்கு ருசு வேண்டுமானால் அதே நிறுவனம் 2010 ஜூலையில் வெளியிட்ட ஸ்டார்கிராஃப்ட் 2 இருக்கிறது. அதில் 12 என்ற கட்டு எடுபட்டது. வேலையாட்கள் தாங்களே வேலைக்குப் போனார்கள். படைகள் தண்ணீர்போல் இடுக்குகளில் ஒழுகி வழி கண்டுபிடித்தன. புத்திசாலிகள் செய்த நல்ல விளையாட்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் என்ன ஆயிற்று? நூறு பேர் கொண்ட படை ஒரு பந்தாக உருண்டு வந்தது, எதிர்ப் பந்தோடு மோதியது, சில விநாடிகளில் ஆட்டத்தின் தலைவிதி முடிந்தது. பழைய விளையாட்டில் படை நீளமாகச் சிதறி, சிலர் வழிதவறி, ட்ரகூன் என்ற நாலுகால் இயந்திரம் பாலத்து முனையில் மிரண்டு நின்று, பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் வந்து சேரும். ஆகவே பெரிய படையைச் சிறிய படை ஒரு இடுக்கில் நிறுத்திவைக்க முடியும். மேட்டில் நிற்பவனைப் பள்ளத்திலிருந்து சுட்டால் ஏறக்குறைய பாதிக் குண்டுகள் வீணாகும். இதனால் நிலத்துக்கு அர்த்தம் வருகிறது. தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு அவகாசம் கிடைக்கிறது. அவகாசம் இருந்தால்தான் நாடகம். வசதி என்பது எல்லா இடத்திலும் அவகாசத்தைத்தான் முதலில் தின்கிறது. எங்கள் கிளையில் ஒவ்வொரு முறை புது மென்பொருள் வரும்போதும் ஒரு கைத்திறன் தேவையற்றுப் போகிறது. கையெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆளைச் சொல்லும் குமாஸ்தா ஒருவர் இருந்தார், இன்று அந்த ஞானத்துக்குக் கணக்குத் தலைப்பே இல்லை. (இதற்காக நான் பேரேட்டுக் காலத்துக்கு ஏங்கவில்லை. வேலை குறைந்தால் எனக்கும் சம்மதம். வேலையில் குறைய வேண்டியது விளையாட்டிலும் கவிதையிலும் குறைய வேண்டும் என்பதில்லை.)

இந்த விளையாட்டு ஏன் தென் கொரியாவில் வேர்விட்டது என்பது தனிக் கதை. 1997 டிசம்பரில் அந்த நாடு சர்வதேச நிதியத்திடம் கையேந்தியது. கம்பெனிகள் சாய்ந்தன. 1998 ஜூனில் 5 வங்கிகளை அரசு மூடியது. அவற்றில் ஒன்றான டோங்ஹ்வா வங்கி, ஷின்ஹான் வங்கியோடு சேர்க்கப்பட்டது. வேலை இழந்த நடுத்தர வர்க்கத்தாரில் சிலர் கையில் வந்த பணத்தைப் போட்டு 'பி.ஸி. பாங்' என்ற கம்ப்யூட்டர் கடைகளைத் திறந்தார்கள். வேலை கிடைக்காத இளைஞர்கள் அங்கே உட்கார்ந்தார்கள். அதிவேக இணைப்புகளை அரசு நாடு முழுக்க விரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் கையில் இருந்த விளையாட்டு இது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அந்த ஒரு நாட்டில் மட்டும் விற்றன. 1999இல் கேபிள் டெலிவிஷனில் போட்டிகளைக் காட்டினார்கள். 2000இல் இதற்கென்றே ஆன்கேம்நெட் என்ற சானல் வந்தது. 2005 முதல் சில பருவங்கள் முக்கியப் போட்டியைப் பணம் போட்டு நடத்தியது அதே ஷின்ஹான் வங்கி. ஆட்குறைப்புக் காலத்தில் முளைத்த கலைக்கு வங்கி புரவலரானதை ஒரு வங்கி ஊழியன் கவனிக்காமல் போக முடியாது.

ஆனால் பொருளாதாரம் விதைத்ததைப் பொருளாதாரமே வளர்க்கவில்லை. வளர்த்தவர்களில் உம் ஜே-க்யுங்கைக் குறிப்பிட வேண்டும். காமிக்ஸ் கதைகள் எழுதியவர். ஆன்கேம்நெட்டில் உரையாளராக உட்கார்ந்தார். பக்கத்தில் ஜியோன் யோங்-ஜுன், கிம் தே-ஹ்யுங். பின்னவர் எந்த ஆட்டத்திலும் கேரியர் என்ற ராட்சதக் கப்பலைக் கட்டினால் ஜெயிக்கலாம் என்று அடித்துச் சொல்லி, 'கிம் கேரியர்' என்றே பெயர் வாங்கியவர். உம் செய்தது வேறு: ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார், ஒருவர் நடையை இன்னொருவர் நடையோடு வைத்துப் பேசினார், ஒரு தோல்வியை முந்தைய தோல்வியோடு கோத்தார். மௌஸும் கீபோர்டும் தட்டும் பையன்களிடம் மரபு என்று ஒன்று இருப்பதாகப் பேசிப் பேசியே அதை உண்டாக்கினார். இதற்கு விமர்சனம் என்று பெயர். நம் சூழலில் அப்படிப் பேச ஆளில்லாமல் போனதால் எத்தனை நல்ல சிறுகதைக்காரர்கள் ஒற்றைத் தொகுப்போடு காணாமல் போனார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

லிம் யோ-ஹ்வானுக்கும் ஹோங் ஜின்-ஹோவுக்கும் நடந்ததை அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். லிம் டெர்ரன், பலவீனம் என்று கருதப்பட்ட இனத்தை எடுத்து, நாலைந்து வீரர்களை வைத்துக்கொண்டு பெரும்படையோடு விளையாடியவர். ஹோங் ஸெர்க். 2001இல் ஒரு இறுதிப் போட்டியில் ஐந்து ஆட்டம் போய் லிம் ஜெயித்தார். 2004 நவம்பரில் அரையிறுதியில் மறுபடி சந்தித்தார்கள். நாடே நீண்ட போரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. லிம் வேலையாட்களையும் கூட்டிக்கொண்டு ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே எதிராளியின் வாசலில் பதுங்குகுழி கட்டினார். ஜெயித்தார். இரண்டாம் ஆட்டத்திலும் அதையே செய்தார். மூன்றாம் ஆட்டத்திலும் அதையே. மூன்றும் சேர்ந்து அரைமணிக்குள் முடிந்தது. அழகா, அராஜகமா என்று இன்றும் சண்டை. என் வரையில் அது முதல் தரமான விமர்சனச் செயல்: ஒருவன் இரண்டு தடவை செய்ததை மூன்றாம் தடவை செய்யமாட்டான் என்ற நாகரிக நம்பிக்கையை அவர் உடைத்துக் காட்டினார். ஹோங் பெரிய பட்டம் ஒன்றும் வெல்லாமலே 2011இல் ஓய்வுபெற்றார். 'என்றும் இரண்டாமவர்' என்பதே அவர் புகழ். 2 என்ற எண்ணைக் கண்டாலே கொரியர்கள் அவரை நினைக்கிறார்கள். 2013இல் டெலிவிஷன் அறிவுப் போட்டி ஒன்றில் முதலாவதாக வந்தார். அதற்குப் பின்னும் எண் மாறவில்லை.

இந்த விளையாட்டின் சமநிலையைப் பற்றி நிறையப் புளுகு உலவுகிறது. மூன்று இனங்களையும் தராசில் நிறுத்திச் செய்த மேதைகள் என்று ப்ளிஸார்டைப் புகழ்கிறார்கள். பலங்களைத் திருத்தி அவர்கள் கடைசியாகக் கைவைத்தது 2001இல். அதற்குப் பின் நிறுவனம் தராசைத் தொடவே இல்லை. சமநிலையைக் காப்பாற்றியவர்கள் கொரியாவின் களம் வரைபவர்கள். ஒரு இனம் ஓங்கினால் அடுத்த பருவத்துக்கு ஒரு இடுக்கை அகலப்படுத்தினார்கள், ஒரு மேட்டை இறக்கினார்கள், ஒரு தாதுக் குவியலைத் தள்ளி வைத்தார்கள். விதியை மாற்றாமல் நிலத்தை மாற்றினார்கள். 2007 மார்ச் 3 இந்த ஏற்பாட்டின் உச்சம். ஸெர்க்கை எதிர்த்து ப்ரோட்டாஸ் நிற்காது என்பது அன்றைய வேதம். மா ஜே-யூன் என்ற ஸெர்க் ஆட்டக்காரர் ஒரு வாரத்துக்கு முன்தான் இன்னொரு பெரிய பட்டத்தை எடுத்திருந்தார். எதிரே கிம் தேக்-யோங் என்ற ப்ரோட்டாஸ் பையன். பறக்கும் கோர்ஸேர்களால் ஸெர்க்கின் கண்களைக் குருடாக்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கொலையாளிகளை உள்ளே அனுப்பினான். 3–0. விதியில் ஒரு எழுத்து மாறவில்லை. ஆறு வருஷமாக யாரும் கை வைக்காத பிரதி. அதற்குள் இப்படி ஒரு வாசிப்பு இருந்தது, அவன் வாசித்தான். அன்றுமுதல் எல்லா ப்ரோட்டாஸ்களும் அவனைப்போல் ஆடினார்கள். நல்ல பிரதி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு விலையைச் சொல்லாமல் விடுவது மோசடி. அந்த ஆட்டக்காரர்கள் பள்ளிப்பருவத்துப் பையன்கள். அணிகளின் விடுதிகளில் கூட்டாகத் தங்கி, நாளெல்லாம் ஆடினார்கள். விழித்திருக்கும் நேரம் என்பதே பயிற்சி நேரம். பெரும்பாலோர் திரையில் ஒரு தடவையும் வராமல் பயிற்சிக்கு எதிராளியாக இருந்தே ஓய்ந்துபோனார்கள். லீ யங்-ஹோ 1992இல் பிறந்தவர், விளையாட்டு வெளிவந்தபோது பால்பல் விழாத குழந்தை. 15 வயதில் பெரிய பட்டம் வென்று, இன்றுவரை மிகச் சிறந்தவர் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் நிலைக்குப் போனார். 2011இல், 19 வயதில், கையில் அறுவைசிகிச்சை. (என் கவிஞ நண்பரின் சீட்டு இந்த இடத்தில் கிழிகிறது. ஐந்து வயதில் வந்த விளையாட்டின் மீது யாருக்கு என்ன இளமை நினைவு?) 2010இல் பந்தயக்காரர்களிடம் பணம் வாங்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது வெளிப்பட்டு, பல ஆட்டக்காரர்கள் வாழ்நாள் முழுக்க விலக்கப்பட்டார்கள். மா ஜே-யூன் அவர்களில் ஒருவர். கோர்ட் தண்டித்தது, பட்டங்கள் பறிக்கப்பட்டன. அவருடைய பழைய ஆட்டங்களை நான் இப்போதும் பார்ப்பதுண்டு. பார்க்கக் கூடாது என்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 2007 இறுதிப் போட்டியில் கிம் தேக்-யோங் எதைத் தகர்த்தான் என்று தெரிய வேண்டுமானால், தகர்க்கப்பட்டது எவ்வளவு கம்பீரமாக நின்றது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அதே 2010இல் இன்னொரு வழக்கு. போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று ப்ளிஸார்டும் கொரியச் சங்கமும் சண்டையிட்டன. செய்தவனுக்கே சொந்தம் என்றது நிறுவனம். பத்து வருஷமாக இதை ஆடி, களம் வரைந்து, பேசி, உயிர் கொடுத்தவர்கள் நாங்கள் என்றது எதிர்த்தரப்பு. 2011 மே மாதம் சமரசமாயிற்று. சட்டப்படி நிறுவனத்தின் கட்சி பலமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ம்யூட்டலிஸ்க்கை ஓவர்லார்டோடு கட்டியவன் யார்? அந்த உத்திக்கு ராயல்டி எந்தக் கணக்கில் எழுதுவது? பதில் வருவதற்குள் வியாபாரம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 2012 தொடக்கத்தில் ஒரு சானல் விளையாட்டை விட்டு இசைக்கு மாறியது. அந்த ஆகஸ்டில் ஆன்கேம்நெட் பழைய விளையாட்டுக்குக் கடைசிப் பட்டத்தைக் கொடுத்தது. ஹோ யங்-மூ என்ற ப்ரோட்டாஸ் ஆட்டக்காரர் வாங்கிக்கொண்டார். அணிகள் புதிய விளையாட்டுக்கு மாறின.

செத்துவிட்டது என்று எழுதினார்கள். ஆடியவர்கள் வீட்டுக்குப் போய், காமிராவைப் பொருத்திக்கொண்டு, இணையத்தில் தனித்தனியாக ஒளிபரப்பி ஆடத் தொடங்கினார்கள். பார்வையாளர்கள் கேட்காமலே வந்து சேர்ந்தார்கள். 2016இல் அவர்களை வைத்துப் புதிய போட்டி ஒன்று ஆரம்பித்தது. லீ யங்-ஹோ திரும்பி வந்து அதையும் வரிசையாக வென்றார். நிறுவனம் இதைக் கவனித்தது. 2017 ஜூலையில் பூஸான் நகரத்து குவாங்கால்லி கடற்கரையில் விழா எடுத்தார்கள். 2004இல் ஒரு இறுதிப் போட்டிக்கு 1 லட்சம் பேர் கூடியதாகச் சொல்லப்படும் கடற்கரை அது. ஆகஸ்டில் புதுப்பித்த பதிப்பு வந்தது. படங்களைத் திரும்ப வரைந்தார்கள். விதிகளில் ஒன்றையும் தொடவில்லை. 12 பேர் 12 பேராகவே இருந்தார்கள். ட்ரகூன் இன்னும் பாலத்தில் மிரள்கிறது. எஃப்5 என்ற விசையைத் தட்டினால் புதிய படம் மறைந்து 1998இன் மங்கலான படம் அப்படியே வரும். இன்னொரு தடவை தட்டினால் மறுபடி புதிது. ஒரு நிறுவனம் தன்னைவிடத் தன் வாசகர்களுக்கு அதிகம் தெரியும் என்று ஒப்புக்கொண்ட அபூர்வ சந்தர்ப்பம் என்று இதைச் சொல்வேன்.

இப்போது எனக்குள்ள கவலை வேறு. முன்வரிசையில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் விடுதிக் காலத்துப் பையன்களே. முப்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அணிகள் கலைந்த பிறகு புதியவர்களைப் பிடித்துவந்து அந்த அளவுக்குப் பயிற்சி கொடுக்க யாருமில்லை. இங்கொருவர் அங்கொருவராகத்தான் முளைக்கிறார்கள். அந்த விடுதிகளைத் திரும்பக் கொண்டுவா என்று நான் எழுதமாட்டேன்; அந்தக் கைகளை நினைத்தால் முடியாது. ஆனால் நான் இத்தனை பக்கம் புகழ்ந்த நடைகள் எல்லாம் அந்த விடுதிகளில் உருவானவை. கலையை வைத்துக்கொண்டு அதை உண்டாக்கிய உலையை மறந்துவிடலாம் என்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. உலை நியாயம்தான் என்பவர்களோடும் முடியவில்லை.

சென்ற வாரம் பார்த்த ஆட்டம் ஒன்று. ஆடியவருக்கு நடுவில் ஒருமுறை மணிக்கட்டை உதறிக்கொள்ள வேண்டியிருந்தது, காமிராவில் தெரிந்தது. பிறகு பதினொன்றைச் சேர்த்துப் பிடித்தார், மூலையில் கிடந்த ஓவர்லார்டைப் பன்னிரண்டாவதாக வைத்துக்கொண்டார். கூட்டம் ஒரு புள்ளியானது. எதிரியின் தாதுக் குவியலுக்குப் பின்புறமாகப் போய் ஆறு வேலையாட்களைக் கொன்றுவிட்டு, குண்டு படுமுன் திரும்பியது. மறுபடி போயிற்று. உரையாளர் கத்தியதில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆட்டம் 14 நிமிஷத்தில் முடிந்தது.